வாதத்தில் விழுங்கப்படும் மூன்றாவது

அவைத் தலைவர் அவர்களே, கேரளத்தின் இந்தக் கொழிஞ்சாம்பாறைக்கு என்னை விடாமல் இழுத்து வந்த வாசகசாலைச் செயலர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலந்தாவளம், கோபாலபுரம் பெரியோர்களே, வணக்கம்.

தகவல் தொடர்பியல் வாத்தியாருக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். அதை வைத்து நீதிபதியை எப்படி இணங்க வைக்கிறார் என்று பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. வகுப்பில் தீர்ப்பைக் கையில் கொடுத்து, வாதம் எங்கே சரிகிறதென்று கோடு போடச் சொல்வேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய்க்குப் பயிற்சி வேண்டாமா?

இன்று மூன்று பேச உத்தேசம்: வாதம் பற்றி எழுதிய டூல்மின், பெரல்மன் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள், பிறகு கோர்ட்டு மொழிபெயர்ப்பு.

இங்கிலாந்துக்காரரான ஸ்டீபன் டூல்மின் 1958இல் சொன்னது இது. ஒரு வாதத்தில் முடிவு ஒன்று, ஆதாரம் ஒன்று. ஆதாரத்திலிருந்து முடிவுக்கு எந்த விதியின் பேரில் வந்தாய் என்பது மூன்றாவது. ஜனங்கள் அந்த மூன்றாவதைத்தான் விழுங்கிவிடுவார்கள்.

நம் பக்கத்துப் பாட்டி ஒருவர் தமிழில் மனு எழுதி ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், இங்கேயே நாலு பேர் சிரிக்கிறீர்கள். “மலையாளத்தில் எழுதிக் கொண்டு வாங்க” என்றார் குமாஸ்தா. பாட்டி நகரவில்லை. பின்னால் வரிசை நீள்கிறது, ஒருவர் “சீக்கிரம் ஆகட்டும்” என்கிறார். பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். பிறகு பாட்டி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக் காம்புக்கு அடியிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீவினார். “ஏனுங்க சார், இதுல தமிழும் இருக்குது, மலையாளமும் இருக்குது. வரி கட்டறப்ப வாங்கிக்கறீங்க. காயிதத்தை மட்டும் ஏன் தள்றீங்க?” குமாஸ்தா முத்திரை குத்தினார்.

பெல்ஜியத்தின் பெரல்மன், லூசி ஒல்பிரெக்ட்ஸ்-டைடெக்கா என்ற அம்மையாரோடு சேர்ந்து அதே 1958இல் பெரிய புத்தகமே எழுதினார். ஒரே வகையானவற்றை ஒரே விதமாக நடத்த வேண்டும் என்ற விதி அதில் முக்கியமான ஒன்று. பாட்டி அதைச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். வாயுள்ள பிள்ளை பிழைத்தது!

சரி, வாயில்லாத பிள்ளை என்ன செய்யும்? அதற்குத்தான் டூல்மினின் மூன்றாவது, அதாவது விதி. அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு கொடுக்க உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழருக்கும் கன்னடருக்கும் தலைமைச் செயலகம்வரை சொந்த மொழியில் எழுத இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் படிக்க ஆள் இல்லை.

கோர்ட்டு மொழிபெயர்ப்பைப் பேச நேரமில்லை, செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் ஊழியராவது ஒவ்வொரு வில்லேஜ் ஆபீஸிலும் வேண்டுமென்று மனு தயார் செய்திருக்கிறோம். தமிழில்தான். வாசலில் டீ டிரம் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவார்கள் என்று நானாக அறிவித்துவிடுகிறேன்.