சார் கத்தினா அக்கறை, நான் கத்தினா உடம்பு சரியில்ல!

வணக்கம் மக்களே! முதல்ல இந்த மைக் கிளிப். புதுசு. காலர்ல நிக்கவே மாட்டேங்குது. பழசு உடைஞ்சும் ஒழுங்கா நின்னுச்சு, இது அழகா இருக்கு, அவ்ளோதான். ஹேர்பின் போட்டு மாட்டியிருக்கேன், விழுந்தா கண்டுக்காதீங்க.

சரி, விஷயம். ஆபீஸ் மீட்டிங்ல மேனேஜர் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார். வெளிய வந்ததும் எல்லாரும், "சாருக்கு வேலை மேல எவ்ளோ அக்கறை!" நான் டெட்லைனை எதுக்குப் பாதியாக்கினீங்கன்னு கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டேன். உடனே, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு!

இதை 2008லயே பிரெஸ்கோல், உல்மன்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணிக் காட்டிட்டாங்க. இன்டர்வியூ வீடியோல கோபப்பட்ட ஆணுக்கு மதிப்பு ஏறுது, பெண்ணுக்கு இறங்குது. அவர் கோபத்துக்குச் சூழ்நிலை காரணமாம், அவ கோபத்துக்கு அவ குணமே காரணமாம்.

இது குழந்தைலயே ஆரம்பிக்குது. 1976ல ஒரு ஆய்வு. பெட்டிக்குள்ளேர்ந்து பொம்மை துள்ளி வருது, குழந்தை அழுவுது. ஒரே வீடியோதான். ஆண் குழந்தைன்னு சொன்னா கோபம்ங்கிறாங்க, பெண் குழந்தைன்னா பயம்ங்கிறாங்க. எனக்குக் கோபம் வந்தா முதல்ல கண்ணு கலங்கிடும்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். அதுல எவ்ளோ என்னோடது, எவ்ளோ பழக்கி விட்டதுன்னு இப்போ சந்தேகமா இருக்கு.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். சார் கத்துறதுக்கு முன்னாடி அவருக்கு மேல இருக்கிறவர்கிட்டேர்ந்து போன். "சரிங்க சார், முடிச்சிடலாம் சார்." சிரிச்ச முகம்தான், ஆனா காது மடல் ரெண்டும் சிவந்து போச்சு. போனைக் கவுத்து வச்சார், அப்புறம்தான் மேசையில அடி. செல்லுற இடத்துல, அதாவது நம்ம கோபம் பலிக்கிற இடத்துல, கோபத்தை அடக்கிக் காக்கிறவன்தான் காக்கிறவன்னு வள்ளுவர் சொன்னார். செல்லாத இடத்துல காத்தா என்ன, காக்காட்டி என்னன்னும் கேட்டார். சார் செல்லாத இடத்துல அடக்கி, செல்லுற இடத்துல கொட்டிட்டார். எனக்குச் செல்லுற இடம் எதுன்னு யாருங்க முடிவு பண்றது?

இன்னொண்ணு, அந்த 2008 ஆய்வுல காரணத்தை வெளிப்படையா சொன்ன பெண்ணுக்கு அந்த இறக்கம் இல்லையாம். கோபப்படவும் விளக்கக் குறிப்பு வேணும்! அடுத்த ரிவ்யூக்கு ரெடி பண்ணிட்டேன். முதல் ஸ்லைடு பழைய டெட்லைன், ரெண்டாவது புது டெட்லைன், மூணாவது ஸ்லைடுல கத்துவேன்.