அலையில் திரும்பும்போது பாரை இழுக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைட்சர்ஃபிங், அதாவது ‘கைட்’ எனும் பெரிய பட்டம் இழுக்க, ‘போர்டு’ எனும் பலகைமேல் நின்று கடலில் ஓடும் விளையாட்டு என்றதும் பலருக்கு ஆகாயத்தில் எகிறிக் குதிப்பதுதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அலைமேல் வளைந்து திரும்புவதைப் பற்றி. என்னைக் கேட்டால், குதிப்பதைவிட இதுதான் கடினம்.

மொரீஷியஸின் தென்மேற்கு முனையில் இருக்கும் லெ மோர்ன் கடலையே எடுத்துக்கொள்வோம். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று நன்றாக வீசும். பவளத்திட்டுக்கு உள்ளே ஆழமில்லாத, அமைதியான நீர். வெளியே ‘ஒன் ஐ’ என்ற பேர்போன அலை. உள்ளே தேறியவர்கள்கூட வெளியே போனதும் திணறுவார்கள். தட்டையான நீரில் பாரை, அதாவது கையில் பிடிக்கும் தண்டை, நம் பக்கம் இழுத்தால் விசை கூடும். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது. அலையிலோ விசையைக் கொடுப்பது அலைதான். கைட் தொந்தரவு செய்யாமல் இருந்தாலே போதும்.

சரிவில் இறங்குகிறீர்கள். கீழே வந்ததும் முகட்டைப் பார்த்து வளைய வேண்டும். இதுதான் பாட்டம் டர்ன். சுமார் 20 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் கைட்டுக்கு நம் கை சொல்வது சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால் முதலில் கைட், பிறகு போர்டு. பாரைத் தளர்த்துங்கள், முழங்காலை மடக்குங்கள். கரையைப் பார்த்து நின்றால், ஒன் ஐயில் அலை இடப்பக்கமாக உடையும்; வலது காலை முன்வைத்து ஓட்டுபவர் அலையைப் பார்த்தபடியே போகலாம். எடை கால்விரல்களில், கண் முகட்டில். கைட்டை அண்ணாந்து பார்த்தீர்களோ, திருப்பம் பாதியில் நின்றுவிடும்.

அங்கே காற்று கரைப்பக்கமிருந்து சாய்வாகக் கடலுக்குள் அடிக்கிறது. கைட்டும் கடல் பக்கம்தான் நிற்கும். ஆகவே முகட்டுக்கு ஏறும்போது நீங்கள் கைட்டை நோக்கித்தான் போகிறீர்கள், கயிறு தொய்யும். பதறிப்போய்ப் பாரை இழுத்தால் கைட் பின்புறமாகச் சரிந்து தண்ணீரில் விழும். பாரைத் தளர்த்திவிட்டால் காற்றோடு தானாக நழுவிப்போகும். அலைக்கென்றே செய்யும் கைட்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்றே விலாக்கள், அதாவது காற்றடைத்த குறுக்குக் குழாய்கள், வைப்பதும் இப்படி இலகுவாக நழுவத்தான். முகட்டில் எடையைக் குதிகாலுக்கு மாற்றி, பின்னங்காலால் போர்டை அழுத்தித் திருப்பினால் அது டாப் டர்ன். மீண்டும் கரைப்பக்கம் திரும்பியதும் கயிறு விறைக்கும். அந்த இழுப்பைக் கையில் வாங்காமல் இடுப்புப் பட்டையில் வாங்குங்கள்.

கடலிலிருந்து கரைக்குக் காற்றடிக்கும் இடங்களில் கணக்கு தலைகீழ். இறங்கும்போதுதான் கயிறு தொய்யும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கைட்டைப் பக்கம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அலை சிறியது, பயமில்லை என்று அங்கே பழகத் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையும் காலும் ஒரே நேரத்தில் குழம்பும். காற்று கரைக்கு இணையாக வீசும் இடமே பழக ஏற்றது. அதற்கும் முன்னால், அமைதியான நீரில் கால்விரல் பக்கம் சாய்ந்து ஓட்டப் பழகுங்கள். பாட்டம் டர்னில் பாதி அதுதான்.

ஒன் ஐயில் அலைக்கு அடியில் பாறை. கைட் விழுந்தால் காற்று உங்களைக் கடலுக்குள் கொண்டுபோகும். துணைக்குப் படகு இல்லாத நாளில் அங்கே போகவே வேண்டாம். நன்றி, வணக்கம்.