கரண்ட் போனால் பேஸ்மென்ட் குளம்: பேட்டரி பம்பா, குழாய்த் தண்ணீர் பம்பா?

வணக்கம் மக்களே! கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை, பெட்ரோல் இல்லை. ஒரு பம்பு ஓடுமா? ஓடும், வெறும் குழாய்த் தண்ணீரிலேயே ஓடும். அதை வாங்கலாமா கூடாதா என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஒரு வாரம் சண்டை.

(திரையில்: பேஸ்மென்ட் மூலையில் சம்ப் குழி)

சென்னையில் சம்ப் என்றால் வாசலுக்கு அடியில் மெட்ரோ வாட்டரைப் பிடித்து வைக்கும் தொட்டி. நான் இருக்கும் நியூ ஜெர்சியில் சம்ப் என்றால் பேஸ்மென்ட் மூலையில் இரண்டடி ஆழத்தில் ஒரு குழி. அஸ்திவாரத்தைச் சுற்றி ஊறும் தண்ணீர் அதில் வந்து சேரும், மிதவை மேலே எழுந்ததும் பம்பு அதைக் குழாய் வழியாக வெளியே தள்ளும். அங்கே சம்ப் நிரம்பினால் நிம்மதி, இங்கே நிரம்பினால் தூக்கம் போய்விடும். ஊரிலிருந்து வந்த என் மாமியார் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல தண்ணியை ஏன் மாப்பிள்ளை ரோட்டுல விடுறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சிக்கல் என்னவென்றால், பெருமழையும் கரண்ட் கட்டும் ஜோடியாகத்தான் வரும். 2021 செப்டம்பர் 1, ஐடா புயலின் மிச்சம் வந்தபோது எங்கள் மாநிலத்து நியூவார்க் நகரில் ஒரே நாளில் 8.41 அங்குல மழை. எங்கள் தெருவில் இரவு கரண்ட் போனது. நான் புத்திசாலித்தனமாக ஒரு பழைய கார் பேட்டரியை மாட்டி வைத்திருந்தேன், அது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கார் பேட்டரி எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் காட்டுவதற்கானது, மணிக்கணக்கில் ஓடுவதற்கு டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும். விடியும்வரை வாளியில் மொண்டு ஊற்றித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

சரி, அந்த மாய பம்புக்கு வருவோம். ஊரில் போர்வெல் ஜெட் பம்பு பார்த்திருப்பீர்களே, உள்ளே இரண்டு பைப் இறங்கும். ஒன்றில் தண்ணீரைக் கீழே அனுப்புவார்கள், அது அடியில் ஒரு குறுகலான மூக்கு வழியாகச் சீறிப் பாயும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இன்னொரு பைப்பில் மேலே ஏறும். அதே வித்தைதான் இது. வித்தியாசம், இங்கே சீறிப் பாய்வது ஊராட்சி சுத்திகரித்து அனுப்பிய குடிநீர்!

கணக்கைப் பாருங்கள். ஒரு காலன் குடிநீரைச் செலவழித்தால் ஏறக்குறைய இரண்டு காலன் குழித் தண்ணீர் வெளியேறும். நிமிடத்துக்கு 10 காலன் குடிநீர் செலவு என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 600 காலன், நம் கணக்கில் 2,270 லிட்டர். மூன்று மணி நேரம் விடாமல் ஓடினால் 6,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்று காலி! 2019 கோடையில் அந்த லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் இந்த வீடியோவைப் பார்த்தால் என்னை அடிக்க வருவார்கள். அதனால்தான் நான் இதை வாங்கவில்லை.

வாங்கலாம் என்று வீட்டுக்காரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2012 சாண்டி புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த வீடுகள் ஏராளம், அங்கே பேட்டரி படுத்துவிடும், இது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் கிணற்று வீடுகளில் பயனில்லை, கரண்ட் போனால் கிணற்று மோட்டாரே நின்றுவிடும். குழித் தண்ணீர் குடிநீர்க் குழாயில் திரும்பி ஏறாமலிருக்கத் தடுப்புக் கருவி வேறு வைக்க வேண்டும், பிளம்பர் செலவைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேட்டரி பம்பு வாங்குபவர்களுக்கு ஒரே விஷயம்: அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் தண்ணீரை மேலே ஏற்றாத கணக்கு. பத்தடி உயரத்துக்கு எவ்வளவு என்று தேடுங்கள். 100 ஆம்ப்-அவர் பேட்டரி, 12 ஆம்பியர் இழுக்கும் பம்பு என்றால் தாளில் எட்டு மணி நேரம், நிஜத்தில் அதற்கும் குறைவு. நல்லவேளை, பம்பு விட்டுவிட்டுத்தான் ஓடும். மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் பேட்டரியை மாற்ற வேண்டும். இன்சூரன்ஸில் சம்ப் வழிந்த சேதம் பெரும்பாலும் சேராது, தனியாகக் கேட்டுச் சேருங்கள்.

எந்தப் பம்பு வாங்கினாலும், குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஆயிரம் சதுர அடி கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 620 காலன் வழியும். என் வீட்டில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அஸ்திவாரத்தை ஒட்டியே கொட்டிக்கொண்டிருந்தது, அதாவது கூரையில் விழுந்ததை நானே குழிக்கு அனுப்பிப் பிறகு கரண்ட் செலவழித்து வெளியே தள்ளியிருக்கிறேன். முப்பது டாலர் நீட்டுக் குழாய் போட்டேன், அடுத்த மழையில் பம்பு ஓடும் சத்தமே பாதியாகிவிட்டது.

மிச்சம் வரும் சம்ப் தண்ணீரை இப்போது ஒரு பீப்பாயில் பிடிக்கிறேன். மாமியார் அதிலிருந்து மொண்டு ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறார். உங்கள் குழியில் ஒரு வாளித் தண்ணீரை இன்றைக்கே ஊற்றிப் பாருங்கள், மிதவை எழுந்து பம்பு ஓடியதா இல்லையா என்று கமென்டில் போடுங்கள்.