கடைவாசலுக்கும் சாலைக்கும் நடுவே

அனைவருக்கும் வணக்கம். வணிகக் கட்டடங்களுக்கான வடிவமைப்பு நெறிகள் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால், முகப்புக் கண்ணாடி, எல்இடி போர்டு பற்றிப் பேசுவேன் என்று சிலர் வந்திருப்பீர்கள். கண்ணாடிக்கு வருகிறேன். ஆனால் சென்னையில் ஒரு கட்டடம் எப்படி என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது கடைவாசலுக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பத்தடியைத்தான்.

நம் கடைத்தெருக்களில் அந்தப் பத்தடிக்கு என்ன ஆகிறது? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை உயர்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வருகிறதென்று கடைக்காரர் தரையை இரண்டடி தூக்குகிறார். தூக்கிய தரைக்கு நாலு படி. அந்தப் படி நடைபாதையில் வந்து உட்காருகிறது. பக்கத்திலேயே பைக் ஏற்ற ஒரு சிமென்ட் சரிவு, அப்புறம் ஜெனரேட்டர், செருப்பு ஸ்டாண்டு. நடக்கிறவர் சாலைக்கு இறங்கிவிடுகிறார். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர் தரையைத் தூக்காமல் என்ன செய்வார்?

ஆனால் தூக்குகிற உயரத்தைத் தன் மனைக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலிக்கான சரிவு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. இரண்டடித் தரைக்கு இருபத்துநாலு அடி வேண்டும். நேராக இறக்கினால் சாலைக்கே போய்விடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டினால், நடுவில் ஒரு சமதளம் விட்டு, பல மனைகளில் அடங்கிவிடும். பிளான் போடும் முதல் நாளே யோசித்தால்தான் இது நடக்கும். கட்டி முடித்தபின் செய்வதெல்லாம் இடிப்பு வேலை.

அடுத்தது மரம். கார் நிறுத்த வேண்டுமென்று மனை முழுக்க பேஸ்மென்ட் தோண்டிவிடுகிறோம். கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே காலியாக விட்டிருக்கும் செட்பேக் பார்வைக்கு மண் போல இருந்தாலும் அடியில் கான்கிரீட் கூரை. அதில் மரம் வேர் விடாது. தொட்டியில் நாலு அரேகா பனையை வைத்துவிட்டு அதற்கு லேண்ட்ஸ்கேப்பிங் என்று பெயர். என்னைக் கேட்டால், முன்பக்க செட்பேக்குக்கு அடியில் பேஸ்மென்ட்டே கூடாது. நாலு கார் குறைந்தால் குறையட்டும்.

மண் இருந்தாலும் எந்த மரம் என்பது இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. குல்மோகர் போன்ற வெளியூர் மரங்கள் நிறையச் சாய்ந்தன. அடிமரம் வரை சிமென்ட் பூசிய இடங்களில் வேர் ஓட வழியே இருக்கவில்லை. அதன் பிறகும் சீக்கிரம் வளர்கிறதே என்று கோனோகார்பஸை வரிசையாக நட்டோம். அதை நடக்கூடாதென்று அரசே சொல்லும்படி ஆயிற்று. கடைவாசலுக்கு என் ஓட்டு புங்கத்துக்கு. கோடைக்கு முன்பாகப் பழைய இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பளபளவென்று புது இலை விட்டு நிற்கும். மகிழம், புன்னை, பூவரசும் நல்லவை; மகிழம் வளரப் பொறுமை வேண்டும். ‘சார், மரம் போர்டை மறைக்குதே’ என்பார்கள். போர்டைக் கிளைக்குக் கீழே, நடக்கிறவர் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். துணி வாங்க வருகிறவர் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டா வருகிறார்?

சரி, கண்ணாடி. ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் சாலை, ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. அதனால் சாலையைப் பார்க்கும் முகப்பெல்லாம் கிழக்கு அல்லது மேற்கு. மேற்கு முகப்பில் முழுக்கக் கண்ணாடி போட்டால், நாலு மணி வெயில் நேராக மேஜைக்கே வரும். உள்ளே திரையை இறக்கி, லைட்டைப் போட்டு, ஏசியைக் கூட்டுவார்கள். தாழ்ந்து வரும் அந்த வெயிலுக்குச் சன்னலுக்கு மேலே நீட்டும் சன்ஷேடு போதாது. செங்குத்தான பட்டைகளோ, துளைகள் விட்ட ஜாலித் தடுப்போ வேண்டும். மூடிய முகப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 மே மாதக் கடைசியில் தி.நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புகை வெளியேற வழியில்லாத கட்டடத்தில் தீயணைப்பு வீரர் எப்படி நுழைவார்? 18.3 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் காலியிடம் விடச் சொல்லும் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதி, தீயணைப்பு வண்டி சுற்றி வரவும்தான். அங்கே கேன்டீன் ஷெட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தண்ணீர் பற்றி ஒன்று மட்டும். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் திருவான்மியூர் மணலுக்குப் போடும் குழியையே, 1920களில் ஏரியைத் தூர்த்து உருவான தி.நகரிலும் போடுகிறோம். களிமண்ணில் நாலடிக் குழி வெறும் கொசுத்தொட்டி. களியைத் தாண்டி மணல் வரும் வரை துளை இறக்க வேண்டும்.

துண்டுச்சீட்டில் ஒரு நண்பர், ‘வாசலில் வண்டி விடாவிட்டால் வியாபாரம் போய்விடாதா?’ என்று கேட்டிருக்கிறார். 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியபோதும் இதே கேள்விதான். அங்கே வண்டிக்கென்று தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டினார்கள். ஐயா, ஒரு சாயங்காலம் அங்கே போய், காரில் வந்து இறங்குகிறவர் எத்தனை பேர், நடந்து வந்து கடைக்குள் நுழைகிறவர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வந்தால், அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.