பழசிராஜாவும் குறிச்சியர் வில்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

2009ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வந்த மலையாளப் படம் 'கேரள வர்மா பழசிராஜா'. எம்.டி. வாசுதேவன் நாயர் எழுத, ஹரிஹரன் இயக்க, மம்மூட்டி நடித்தார். செலவு சுமார் 27 கோடி ரூபாய் என்று அன்று பேசப்பட்டது. மலையாளத் திரையுலகம் அதுவரை காணாத தொகை. இளையராஜாவின் பின்னணி இசைக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் படம் முடிந்த பிறகும் என் மனத்தை விட்டு அகலாதவர் அரசர் அல்லர், மனோஜ் கே. ஜெயன் நடித்த தலக்கல் சந்து, வயநாட்டு மலைப் பழங்குடியினரான குறிச்சியர்களின் படைத்தலைவர்.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து மலபார் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தலச்சேரியை அடுத்த கோட்டயம் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் பழசிராஜா. மைசூர்ப் படையெடுப்பின்போது மற்ற அரசர்கள் திருவிதாங்கூருக்குத் தப்பிச் சென்றார்கள். இவர் காட்டில் நின்று போரிட்டார். அப்படிப்பட்டவரை ஒதுக்கிவிட்டு, வரி வசூலிக்கும் உரிமையை அவருடைய உறவினரான குறும்பரநாட்டு அரசருக்குக் கம்பெனி கொடுத்தது. மிளகும் நெல்லும் விளைவித்தவர்கள் தாங்க முடியாத வரி அது. 1793இல் பழசிராஜா வசூலைத் தடுத்து நிறுத்தினார். 1797இல் பெரியா கணவாயில் கம்பெனிப் படை பலத்த அடி வாங்கியது. கொஞ்ச காலம் சமாதானம், பிறகு 1800இல் மீண்டும் போர். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லியே இங்கே படை நடத்தியவர்.

1802 அக்டோபரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனிச் சேவகன் ஒருவன் ஒரு குறிச்சியரிடம் வந்து நெல் கேட்டு மிரட்டினான். அங்கே இருந்த பழசிராஜாவின் தளபதி எடச்சேன குங்கன் அவனைக் கொன்றார். குறிச்சியர்கள் திரண்டு அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சில நாட்களில், 11ஆம் தேதி, குங்கனும் சந்துவும் பனமரம் கோட்டையைத் தாக்கினார்கள். முதலில் காவலாளியின் துப்பாக்கியைப் பறித்து, அவனை அம்பால் கொன்றார்கள். கேப்டன் டிக்கன்சன் கைத்துப்பாக்கியும் வாளுமாக எதிர்த்து நின்று மடிந்தார். சுமார் எழுபது சிப்பாய்கள் இருந்த முகாம் அன்றே அழிந்தது. 112 துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர்களிடம் சிக்கின. கம்பெனியின் பதிவுகளே இத்தனையையும் சொல்கின்றன.

பனமரம் தாக்குதலைத் தொடங்கிவைத்தது அரண்மனை ஆணை இல்லை, ஒரு குடியானவரின் நெல். அதனால்தான் சந்துவுக்கும், பத்மப்ரியா நடித்த குறிச்சியப் பெண் நீலிக்கும் முகமும் குரலும் கொடுத்த இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். சரித்திரப் படங்களில் இவர்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் அரசர் பின்னால் ஓடும் கூட்டமாகவே வருவார்கள்.

1805 தென்னாட்டுக்குக் கொடிய ஆண்டு. ஜூலை மாதம் சங்ககிரியில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். நவம்பரில் சந்து பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் 30ஆம் தேதி புல்பள்ளி அருகே மாவிலாந்தோட்டில் பழசிராஜா வீழ்ந்தார். சப்-கலெக்டர் பேபர் அவர் உடலைத் தம்முடைய பல்லக்கிலேயே ஏற்றி மானந்தவாடிக்கு அனுப்பி, உரிய மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்யச் சொன்னார். எதிரியின் மனத்திலும் இடம்பிடித்த வீரம்!

படம் பழசிராஜாவின் மரணத்தோடு முடிகிறது. வயநாடு அதோடு அடங்கவில்லை. தானியமாகக் கொடுத்துவந்த வரியை ரொக்கமாகக் கட்டு என்று கம்பெனி கெடுபிடி செய்தது. பணம் புழங்காத மலைக்காட்டில் ரொக்கத்துக்கு எங்கே போவது? 1812இல் குறிச்சியரும், இன்னொரு மலைப் பழங்குடியினரான குறும்பரும் மறுபடி வில்லெடுத்தார்கள். இந்த முறை முன்னால் நிற்க பழசிராஜாவும் இல்லை, சந்துவும் இல்லை. கணவாய்களை அடைத்துக் கம்பெனியின் காவலர்களைத் திணறடித்தார்கள். பெரும்படை வந்த பிறகே கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. இந்தக் கதையையும் யாராவது அதே பொருட்செலவில், அதே அக்கறையோடு எடுக்க வேண்டும். நடிப்பதற்கு நட்சத்திரம் வேண்டுமென்றால், சந்துவின் குலத்தாரில் ஒருவரையே நாயகனாக்கட்டும்.

நன்றி, வணக்கம்.