ஒரு கிட்டார், இரண்டு ஆம்ப்: அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது?

[திரையில்: ஒரு கிட்டார். இடப்பக்கம் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், வலப்பக்கம் மார்ஷல். காலடியில் ஒரு சின்னப் பெட்டி.]

முதலில் கேளுங்கள். இது ஃபெண்டர் ஆம்ப், கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் கருவி.

[தெளிவான ஒரு கார்டு.]

அதே கிட்டார், அதே கை. காலால் ஒரு அழுத்து.

[மார்ஷலில் நீளமான ஒரு லீட் (தனி வாசிப்பு) சுரம்.]

இதை இரண்டு சேனல் (மாற்றிக்கொள்ளும் ஒலி அமைப்பு) உள்ள ஒரே ஆம்பில் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் சேனல் இரண்டானாலும் பவர் பகுதி ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று. முன்பகுதி மட்டும்தான் மாறுகிறது. ஆம்பையே மாற்றினால் பெட்டியின் மரம் முதல் ஸ்பீக்கர் வரை எல்லாமே மாறும். டெக்சாஸின் கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சன் பல வருடங்களாக கிளீனுக்கு (தெளிவான சத்தத்துக்கு) ஃபெண்டர், லீடுக்கு மார்ஷல் என்று தனித்தனியாக வைத்து வாசிப்பவர். அந்த இரண்டு சத்தத்தையும் ஒரே ஆம்பிலிருந்து எடுப்பது சிரமம்.

[பெட்டியின் நெருக்கக் காட்சி. மூன்று ஜாக்குகள், இரண்டு ஃபுட்ஸ்விட்ச்சுகள்.]

இந்தப் பெட்டிக்குப் பெயர் ஏ-பி-ஒய். கிட்டார் உள்ளே போகிறது. ஏ என்றால் ஒரு ஆம்ப், பி என்றால் இன்னொன்று, ஒய் என்றால் இரண்டும் சேர்ந்து. மலிவான பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்விட்ச், நாலைந்து வயர், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்த பெட்டி என்றால், பயன்படுத்தாத ஆம்பின் இன்புட்டை எர்த்தோடு சேர்த்து வைத்திருக்கும். அதனால் அந்த ஆம்ப் சும்மா இருக்கும். இதை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

சரி, மாட்டுவோம். முதல் ஆம்ப்: அமைதி. இப்போது இரண்டாவது ஆம்பின் கேபிளைச் செருகுகிறேன். கம்பியை இன்னும் தொடவே இல்லை.

[ம்ம்ம்ம் என்ற தாழ்ந்த இரைச்சல்.]

பலர் இந்த இடத்தில் பெட்டியைத் திட்டுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், ஆம்பை மெக்கானிக்கிடம் தூக்கிப் போவார்கள். மூன்றிலும் பழுது இல்லை. சிக்கல் எர்த்தில்.

[வரைபடம்: இரண்டு ஆம்ப், பெட்டி, சுவரில் பிளக். எர்த் வழி மட்டும் பச்சை நிறத்தில்.]

பச்சைக் கோட்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஆம்பும் மூன்று பின் பிளக் வழியாகக் கட்டடத்தின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. அது ஒரு வழி. கிட்டார் கேபிளின் உள்ளே, சிக்னல் வயரைச் சுற்றிப் பின்னிய ஷீல்டு இருக்கிறதே, அதுவும் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்ததுதான். இரண்டு கேபிளின் ஷீல்டும் இந்தப் பெட்டிக்குள் சந்திக்கின்றன. ஆக ஏ ஆம்பிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து பி ஆம்ப், அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து திரும்ப ஏ ஆம்ப். ஒரு வளையம் மூடிக்கொண்டது. பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலம் இந்த வளையத்தில் சின்ன மின்னோட்டத்தை உண்டாக்கும். இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் இடையே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் அதுவும் சேரும். ஷீல்டில் ஓடும் இந்த மின்னோட்டம் சிக்னலோடு கலந்து உள்ளே போகிறது. ஆம்புக்கு எது இசை, எது கரண்ட் என்று தெரியாது. வந்ததையெல்லாம் பெரிதாக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காதில் விழுவது அதுவும் அதன் மடங்குகளும்தான்.

ஏ-வை மட்டும் தேர்ந்தெடுத்தாலும் இரைச்சல் போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளில் ஸ்விட்ச் வெட்டுவது சிக்னல் வயரை மட்டும். ஷீல்டுகள் எப்போதும் சேர்ந்தே இருக்கும்.

இது வளையத்தால் வரும் இரைச்சல்தானா என்று பார்க்க, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்து, பி கேபிளைக் கழற்றியதும் நின்றால், வளையம்தான். வால்யூமைக் குறைத்தபோதே போய்விட்டால் அது உங்கள் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) காற்றிலிருந்து பிடிப்பது. அதற்கு எந்தப் பெட்டியும் உதவாது.

இப்போது ஒரு தப்பான வைத்தியம். ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் வளையம் உடையும், இரைச்சலும் நிற்கும். யாராவது இதைச் சொன்னால் கேட்காதீர்கள். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. அந்த எர்த் இல்லாத ஆம்புக்குள் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ட் உங்கள் விரல் நுனிக்கு வந்து நிற்கும். எதிரே மைக் வேறு இருக்கிறது. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்சீ மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். எர்த் பின் அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

சரியான வழி, வளையத்தை சிக்னல் பக்கத்தில் உடைப்பது.

[சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, உள்ளங்கையில்.]

இதற்குள் இரண்டு சுருள்கள். ஒன்றை ஒன்று தொடவில்லை. சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போகிறது, எர்த் தாண்டுவதில்லை. பெட்டியின் ஒரு வெளியீட்டில் மட்டும் இது இருந்தால் போதும். மற்றது நேராகவே இருக்க வேண்டும், ஏனென்றால் கிட்டாருக்கு ஏதாவது ஒரு ஆம்பிலிருந்து எர்த் வேண்டும். கனடாவின் ரேடியல் ட்வின்-சிட்டி, ஜெர்மனியின் லெலே பி-ஸ்ப்ளிட் போன்றவற்றில் இந்த டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. பலர் கையில் இருக்கும் பாஸ் எல்எஸ்-2 நல்ல பெட்டிதான், ஆனால் அதில் கிடையாது. வாங்கும்போது விளக்குகளின் நிறத்தைப் பார்ப்பதைவிட இந்த ஒன்றைக் கேளுங்கள். அதற்கு முன், காசே செலவில்லாமல், இரண்டு ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். சில நேரம் அதிலேயே இரைச்சல் பாதி குறையும்.

அப்புறம் ஒய். இரண்டு ஆம்பும் ஒன்றாக ஒலித்தால் சத்தம் தடிக்க வேண்டும் அல்லவா? சில ஜோடிகளில் மெலிந்துபோகும், பேஸ் காணாமல் போகும்.

[ஒய்: மெலிந்த சத்தம். போலாரிட்டி ஸ்விட்ச். தடித்த சத்தம்.]

வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பில் சிக்னலைப் பெருக்கும் ஒவ்வொரு கட்டமும் பொதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பும். ஒரு ஆம்பில் கட்டங்கள் ஒற்றைப்படை, இன்னொன்றில் இரட்டைப்படை என்றால், ஒரு ஸ்பீக்கர் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். பாதி சத்தம் காற்றிலேயே கழிந்துவிடும். நல்ல பெட்டிகளில் இதற்கு, சிக்னலைத் திருப்பிவிடும் போலாரிட்டி ஸ்விட்ச் இருக்கும். அது இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: 60-களின் பிளாக்ஃபேஸ் வகை ஃபெண்டர்களில் நார்மல் சேனலும் விப்ராட்டோ சேனலும் ஒன்றுக்கொன்று தலைகீழ். கேபிளை அடுத்த சேனலுக்கு மாற்றினாலே சரியாகிவிடும்.

ஒரு ஆம்ப் மற்றதைவிட உங்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சத்தம் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். இதை ஸ்விட்ச் சரிசெய்யாது. ஆம்பைத்தான் நகர்த்த வேண்டும்.

இன்னொன்று, பாரம். வால்வு ஆம்பின் இன்புட் வழக்கமாக 1 மெகாஓம். இரண்டை இணையாக மாட்டினால் பிக்கப் பார்ப்பது 500 கிலோஓம். கூடவே இரண்டு கேபிள்களின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை). ட்ரெபிள், அதாவது கூர்மையான உயர் ஒலி, மங்கும். பெட்டிக்குள் பஃபர் (பிக்கப்பைப் பாரத்திலிருந்து காக்கும் சின்னச் சுற்று) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் வைத்திருந்தால் அதைப் பெட்டிக்கு முன்னால், கிட்டாரை ஒட்டியே போடுங்கள். பஃபருக்குப் பின்னால் போட்டால் அது காதைக் கிழிக்கும். டிலே, ரிவர்ப் என்ற எதிரொலிப் பெடல்கள் இரண்டும் கிளீன் ஆம்புக்கு மட்டும் போதும் என்றால் பெட்டிக்கும் அந்த ஆம்புக்கும் நடுவில் வையுங்கள்.

[திரையில்: பெட்டிமேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஆம்பின் பின்பக்க ஸ்பீக்கர் ஜாக்.]

கடைசியாக: இந்தப் பெட்டி கிட்டார் பக்கத்துக்கு மட்டும். இரண்டு ஆம்ப் ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒரே கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) மாற்ற இதை ஸ்பீக்கர் வயரில் மாட்டாதீர்கள். வால்வு ஆம்ப் ஓடும்போது ஸ்பீக்கர் பாரம் இல்லாமல் போனால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். அந்த வேலைக்கென்றே வேறு ஸ்விட்ச்சர்கள் இருக்கின்றன. அவை தேர்வு செய்யாத ஆம்புக்குப் போலிப் பாரம் ஒன்றைக் கொடுத்து வைக்கும்.