திருச்சி உள்ளே, திருப்பூர் வெளியே

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து லட்சம் பேர். பெருநகரப் பகுதி என்பதற்கு நம் அரசியலமைப்பு வைத்திருக்கும் அளவு இது. 1993இல் நடப்புக்கு வந்த 74ஆவது திருத்தத்தில் இருக்கிறது. மத்திய அரசின் வரிப் பணத்தை எப்படிப் பகிர்வது என்று சொல்லும் பதினைந்தாவது நிதிக்குழுவும் பணம் பிரித்தபோது இதே எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொண்டது. பத்து லட்சத்தைத் தாண்டிய நகரங்களுக்கென்றே, சுற்றுப்பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2021 முதல் 2026 வரை 38,196 கோடி ரூபாய் ஒதுக்கியது. காற்று மாசைக் குறைக்க ஒரு பங்கு, குடிநீருக்கும் துப்புரவுக்கும் இரண்டு பங்கு.

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி நான்கும் அதில் வந்தன. 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 8.47 லட்சம்தான். ஒட்டியிருந்த ஊர்களையும் சேர்த்ததால் 10.2 லட்சம் ஆயிற்று. திருப்பூரோ சுற்றுப்பகுதியோடு சேர்ந்தும் 9.63 லட்சத்தில் நின்றுவிட்டது. சுமார் 37,000 பேர்தான் குறைவு! மற்ற ஊர்களுக்கான பொதுப் பங்கில் திருப்பூருக்கும் பணம் உண்டு. நிதிக்குழு காற்றுக்கென்று வைத்த பணம் இல்லை. 2011க்குப் பிறகு பனியன் கம்பெனி வேலைக்காக அங்கே வந்து குடியேறியவர்களை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணவில்லை, ஏனென்றால் 2021இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லா ஊரும் நகரமாகிவிட்டால் நல்லதா? ஊராட்சியில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம், நகர உள்ளாட்சியோ, ராணுவக் குடியிருப்புப் பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும் கன்டோன்மென்ட் வாரியமோ ஆளாத இடத்தைத்தான் ஊரகம் என்றது. ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்த அன்றே வேலை அட்டை செல்லாது. காடு கழனி அப்படியேதான் இருக்கும். மழை பொய்த்தால் கூலியில்லை என்பதும் மாறாது. வீட்டு வரி மட்டும் ஏறும். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வந்ததும் பல ஊர்களில் மக்கள் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது இதனால்தான். வளர்ச்சியை எதிர்க்கிறார்கள் என்று அவர்களைச் சொல்வது தவறு.

அரசுக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2004இல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றினார்கள். ஊரக நிதி கூடுதலாக வரும் என்பதே காரணம். 2006இல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். ஊரில் ஒரு தெருகூட இடம் மாறவில்லை.

இதற்கு நடுவில் கணக்கெடுப்புத் துறைக்குத் தனி அளவுகோல் இருக்கிறது: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே. இவை பொருந்தினால் நகரம். 2011இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 3,900 ஊர்கள், நகராட்சி ஆகாமலே, இப்படி நகரமாக எண்ணப்பட்டன. ஆள்வது மட்டும் பெரும்பாலும் ஊராட்சிதான்.

கேரளம் 2010இல் அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்தது. நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் ஆண்டுக்கு நூறு நாள் வேலை. இங்கேயும் அப்படி ஒன்று முழுமையாக வந்த பிறகுதான் ஊராட்சிகளை இணைக்க வேண்டும். உங்கள் ஊருக்கு இணைப்பு அறிவிப்பு வந்தால், ஆட்சேபம் சொல்லக் கெடு தருவார்கள். அதற்குள் கிராம சபையில் எழுந்து, எந்தெந்தத் திட்டம் நிற்கும், அதற்குப் பதில் எது, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.